கித்துல் ஏறிய இராக்காவல்காரன்

கித்துல் சீவுகிறவன் விழுந்தால் ஒரே தடவைதான் விழுவான் என்று இலங்கை மலையகத்தில் வட்டவளைப் பக்கம் சொல்வார்கள். நான் இன்னும் விழவில்லை, ஆனால் நிமிரவும் இல்லை.

இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, விடிந்ததும் இன்னொரு வேலைக்கு ஓடுகிற சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இரவில் ஒழுங்காகத் தூங்குகிறவர்கள் இதைப் படித்தால் கொட்டாவிதான் வரும். எனக்குத் தேயிலை பெக்டரியில் இராக்காவல். கொழுந்து வாட்டுகிற மாடியில் ஓடும் காற்றாடிகளின் இரைச்சல், நான் வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பகல் தூக்கம் என்பது, ஒரு சுவர் தள்ளிப் பக்கத்துக் காம்பராவில் வானொலி, முன் வாசலில் பிள்ளைகள், பின்னால் பீலிக் குழாயில் விழும் தண்ணீருக்குச் சண்டை.

அந்தப் பீலிக்குப் பக்கத்தில்தான் கித்துல் மரம் நின்றது. பனைச் சாதி. ஆனால் பார்த்தால் பனை என்று நம்ப மாட்டீர்கள். மீன் வாலை வெட்டி ஒட்டியதுபோல இலை. பாளையைச் சீவினால் பதநீர் சொட்டும், காய்ச்சினால் தேன்போலப் பாணி, இன்னும் இறுக்கினால் கருப்பட்டி. அந்தப் பாணியை விற்றுக் காவல் வேலையை விட வேண்டும், ராத்திரியில் தூங்குகிற மனுஷனாக வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் கேட்டேன். "ஏறிக்க. விழுந்தா தோட்டம் பொறுப்பில்ல" என்றார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

மரத்துக்கு மசாலா

கித்துலில் ஒரு சங்கடம் உண்டு. சும்மா சீவினால் அது சொட்டாது. பாளைக் காம்பைக் கீறி, உள்ளே மருந்து வைத்துக் கட்ட வேண்டும். என்ன மருந்து என்பது சீவுகிறவனுக்கும் அவனுடைய சாமிக்கும் மட்டும் தெரியும். கீழே சிங்களக் கிராமத்தில் பியதாச என்று ஒருவர். சுற்று வட்டாரத்தில் அவர் பாணிக்குத்தான் பேர். வெற்றிலைக் கட்டோடு போய் நின்றேன். வெற்றிலையை வாங்கிக்கொண்டு, தம்பிக்கு அவர்கள் சொல்லும் மல்லியில் தொடங்கினார். "மல்லி, வேணும்னா என் மகளக் கேளு, யோசிச்சுச் சொல்றேன். மருந்தக் கேக்காத" என்றார். எனக்குக் கல்யாணமானது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிறகென்ன, நானே வாத்தியார், நானே மாணவன். மிளகு, செத்தல் மிளகாய், உள்ளி, அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, உப்பு என்று அம்மியில் வைத்து மாற்றி மாற்றி அரைத்தேன். முதல் பாளை கருகிப் போனது. அடுத்தது அழுகியது. அதற்கடுத்த பாளைதான் சொட்டியது. எந்தக் கலவை பிடித்தது என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். இப்போது நானும் சீவுகிறவன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கறிக்குக் காரமே இருக்காது. என் பெண்சாதி மங்களம் வெறும் அம்மியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரு நாள் தேங்கா அரைச்சுத் தந்ததில்ல. மரத்துக்கு மட்டும் மசாலா அரைக்கிறீங்க."

எறும்புப் பரீட்சை

பாணியை இறக்குவதைவிட, அது பாணிதான் என்று நம்ப வைப்பது கஷ்டம். அட்டன் ரோட்டோரம் போத்தல்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வண்டியை நிறுத்தி இறங்குகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "சீனி கலக்கலையே?" ஒவ்வொருவரிடமும் ஒரு பரீட்சை இருக்கும். ஒருவர் பேப்பரில் சொட்டு விட்டுப் பரவுகிறதா என்று பார்ப்பார். ஒருவர் தண்ணீரில் விடுவார். இன்னொருவர் தொட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடி யோசிப்பார், மூன்று போத்தலிலும் யோசித்துவிட்டு வாங்காமல் போவார்.

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற ஒரு குடும்பம். அந்தம்மா ஒரு சொட்டைக் கல்லில் விட்டு, "அசல்னா எறும்பு வரும்" என்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழைத் தூறல், எலும்பைக் குடைகிற குளிர். அந்தக் குளிரில் எந்த எறும்பு வெளியே வரும்? நானும் விடிய விடிய விழித்த கண்ணோடு அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்புக்குக் கிடைத்த தூக்கத்தை நினைத்துப் பொறாமையாக இருந்தது. கடைசியில் அந்தம்மா காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "நான் உங்கள நம்புறேன் தம்பி. எறும்புதான் நம்பல."

பந்தலில் தொங்கிய குலை

பாளையைச் சீவாமல் விட்டால் குலை குலையாகக் காய்க்கும். அவிழ்த்துவிட்ட கூந்தல்போல நீளமாகத் தொங்கும். கல்யாணப் பந்தல் வாசலில் வாழை மரத்தோடு அதையும் கட்டினால் தனி அழகு. மேல் டிவிஷனில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா வந்து, "ஒரு குலை குடுங்க மாப்ள, மாப்பிள வீட்டுக்காரங்க அசந்து போகணும்" என்றார். பச்சைக் குலைதான் கட்ட வேண்டும். நான் வெட்டி வைத்திருந்த பச்சைக் குலையை அவர் பார்த்தார். பக்கத்தில் சிவந்து பழுத்த குலை ஒன்றும் தொங்கியது. "கல்யாணத்துக்குச் செவப்புதான் லட்சணம்" என்று அதையே கேட்டு வாங்கிப் போனார். அதன் சாறு பட்டால் அரிக்கும் என்று சொன்னேன். "யாரு அத எடுத்துத் தின்னப் போறா?" என்றார்.

யாரும் தின்னவில்லை. தாலி கட்டி முடிந்த சந்தோஷத்தில் மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் பழத்தைப் பிய்த்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள். அரை மணி நேரத்தில் பந்தி முழுக்கச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. நான் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு ஓடினேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலைச் சொறிந்தபடி சொன்னார்: "பொண்ணு வீட்டுல செய்மொறை கம்மின்னு நெனச்சோம். சொறியையும் சேத்துக்கிட்டா சரியாத்தான் இருக்கு."

சாவடி

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ரோட்டில் சோதனைச் சாவடிகள். காவல் முடிந்து, காலைப் பாளையைச் சீவிவிட்டு, பாணிக் கேனோடு பஸ் ஏறினேன். பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என்னைப் பாருங்கள்: தமிழன், சிவந்த கண், இடுப்பில் கயிறு, பைக்குள் சீவுகிற கத்தி, கையில் கறுப்புத் திரவம். என்னையே நான் பிடித்துக் கொடுத்திருப்பேன். பஸ்ஸில் வந்தவர்கள் எனக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல இரண்டடி தள்ளி நின்றார்கள்.

இளம் பட்டாளக்காரன் ஒருவன் கேனைத் திறந்து முகர்ந்தான். குடிக்கச் சொன்னான். குடித்தேன். இன்னும் கொஞ்சம் குடிக்கச் சொன்னான். வெறும் வயிற்றில் பாணி இறங்கியதும் தலை சுற்றியது. பிறகு என் உள்ளங்கைக் காய்ப்பைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. சிங்களத்தில், மெதுவாக, என்ன மருந்து வைக்கிறாய் என்று கேட்டான். கத்தியைத் திருப்பி என் கையிலேயே தந்துவிட்டுச் சொன்னான்: "எங்கப்பாவும் சீவுறவர்தான். மருந்து என்னன்னு கேட்டா, நீ உசுரோட வீட்டுக்கு வா, அப்பச் சொல்றேங்கிறார்."

மாஸ்டரின் பனை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாஸ்டர் வந்திருந்தார். மாதம் தவறாமல் ஒரு போத்தல் வாங்குவார். வாங்கும்போதெல்லாம் கித்துலைத் திட்டுவார். "இதென்ன பனை? நுங்கு இல்லை, கிழங்கு இல்லை. காத்தடிச்சால் ஓலை சலசலக்க வேணும். இது வாயில்லாப் பூச்சி மாதிரி நிக்குது" என்பார். நானும் விடாமல், தண்டுக்குள் மா இருக்கிறது, கஞ்சி காய்ச்சினால் வயிற்றுக்குக் குளிர்ச்சி, நாரில் கயிறும் கூட்டுகிற தும்புத்தடியும், தண்டைப் பிளந்து குடைந்தால் பீலிக்கு வாய்க்கால் என்று அடுக்குவேன். "எங்கட பனைக்குக் கிட்ட வராது" என்பார். அத்தோடு வழக்கு முடியும்.

சண்டையால் அவர் ஊருக்குப் போகும் பாதை மூடியிருந்தது. அம்மா அங்கே தனியாக இருந்தார். ஒருநாள் நான் பொறுக்க மாட்டாமல், "இவ்வளவு கொறை சொல்றீங்களே சேர், கொழும்பிலேர்ந்து பனங்கட்டி வருதாமே, அத வாங்கலாமே" என்று கேட்டேன். போத்தலைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பனங்கட்டி வாயில வைச்சால் அம்மான்ர ஞாபகம் வந்திடும் தம்பி. இது இனிப்பு மட்டும்தான், அதாலதான் வாங்கிறன்."

உச்சியில் ஒரு கண்ணயர்வு

இப்படியே வருஷங்கள் ஓடின. பாணி வீட்டுச் செலவுக்குக் கை கொடுத்தது, காவலை விடும் அளவுக்கு மட்டும் வரவில்லை. மரம் காலையும் மாலையும் என்னைக் கேட்டது. பெக்டரி இரவைக் கேட்டது. ஒரு மழைக்காலக் காலையில் மேலே ஏறி, கயிற்றை இடுப்போடு சேர்த்து மரத்தில் கட்டி, பதநீர்ப் பானையைக் கழற்றினேன். அந்த இடத்தில் வெயில் லேசாக விழுந்தது. முதுகில் சூடு. ஒரு நிமிஷம் என்று கண்ணை மூடினேன்.

கீழே கொழுந்துக்குப் போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். தலை தொங்குகிறது, கை தொங்குகிறது. ஆள் முடிந்தான் என்று ஒப்பாரியே தொடங்கிவிட்டது. மங்களம் தலைவிரி கோலமாக ஓடி வந்து கத்திய கத்தலில் விழித்தேன்; கயிறு மட்டும் இல்லையென்றால் அந்த விழிப்பிலேயே விழுந்திருப்பேன். இறங்கியதும் மங்களம் என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பீலியில் தண்ணீர் பிடித்து என் முகத்தில் அடித்தாள். கொழுந்துப் பெண்களில் ஒருத்தி கூடையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "தூங்குறதுன்னா பெக்டரியில தூங்குங்கண்ணே, சம்பளமாவது குடுப்பாங்க."

யானை வந்த காலை

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மங்களம் தீர்த்துச் சொல்லிவிட்டாள், மரமா காவலா என்று. நான் மரத்தைச் சொன்னேன். ஆனால் அந்த மரத்துக்கும் வயதாகிவிட்டது. கித்துல் உச்சியில் முதல் பாளை விடும், பிறகு வருஷா வருஷம் கீழே கீழே இறங்கி வரும். அடிப் பாளை முடிந்தால் மரமும் முடிந்தது. என் மரத்தில் கடைசிப் பாளை கைப் பருமனில், ஏணி வைத்தே எட்டும் உயரத்தில் வெளிவந்திருந்தது. காட்டோரம் இரண்டு இளமரங்களைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அவை சொட்டத் தொடங்கும் வரை இந்த ஒரு பாளை தாங்கினால் போதும். கண்டாக்கையாவிடம் மாத முடிவில் காவலை விடுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். ராத்திரி நான் படுக்கப்போகும் பாயை மங்களம் தினமும் உதறி வெயிலில் போட்டாள்.

அந்த வாரம் கீழ்க் கிராமத்துப் புத்த கோயிலான பன்சலையில் பெரஹரா, ராத்திரி ஊர்வலம். யானையை நடத்தியே கொண்டு வந்திருந்தார்கள். வருவதாகச் சொன்ன தீவன வண்டி மண்சரிவில் மாட்டிக்கொண்டது. காலையில் பியதாசவும் யானைக்காரனும் யானையோடு லயத்துக்கு வந்து நின்றார்கள். யானைக்குக் கித்துல் என்றால் உயிர். இலையும் தின்னும், தண்டைப் பிளந்து போட்டால் உள்ளே இருக்கும் சோற்றையும் தின்னும். தோட்டத்து மரம்தான், ஆனால் கண்டாக்கையா, "அவன் சொன்னா வெட்டுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். முடியாது என்றேன். "இன்னும் ஒரு பாளை இருக்கு அய்யே. அதுலதான் என் தூக்கம் இருக்கு" என்று, அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் முறையிலேயே பியதாசவிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. அந்தப் பாளையின் விலை அவருக்குத் தெரியும்.

யானைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே தூங்கிவிட்டான். யானையின் முன்காலில் சாய்ந்து, நின்றபடியே, வாய் திறந்திருக்க. நெற்றியில் முந்தின ராத்திரித் தீப்பந்தத்தின் கரி. யானை காலை அசைக்காமல் அவனைத் தாங்கிக்கொண்டு நின்றது. துதிக்கையை மட்டும் நீட்டி என் மரத்தைத் தடவியது. வயிறு ஒட்டியிருந்தது. அன்று ராத்திரியும் அவர்கள் இரண்டு பேரும் ஊர்வலத்தில் நடக்க வேண்டும். நான் மங்களத்தைப் பார்த்தேன். அவள் வெயிலில் கிடந்த பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனாள். கோடரியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

மரம் விழுந்த சத்தத்தில் யானைக்காரன் விழித்தான். யானை தண்டின் வெள்ளைச் சோற்றை அள்ளி அள்ளித் தின்றது; என் பாளையையும் ஒரே மடக்கில் சுருட்டி உள்ளே போட்டது. நான் கண்டாக்கையாவிடம் போய், காவல் வேலையை விடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். விஷயம் கேள்விப்பட்ட யானைக்காரன் அரைகுறைத் தமிழில் சொன்னான்: "நம்ம மூணு பேருக்கும் ராத்திரி டியூட்டி அண்ணே. பெரஹரா முடிஞ்சா எங்க ரெண்டு பேருக்கும் லீவு. உங்களுக்கு எப்ப?"

கித்துலில் பாணி உண்டு, மா உண்டு, நார் உண்டு, யானைக்கு ஒரு நாள் சோறும் உண்டு. ஒரு மனுஷனுக்கு ராத்திரித் தூக்கம் மட்டும் அதில் இல்லை என்று கண்டுபிடிக்கத்தான் நான் இத்தனை வருஷம் ஏறி இறங்கியிருக்கிறேன்.