கனோலா வயலை உழச் சொன்னது நான்

அண்ணை, நீங்கள் மேடையில் சொன்னது பொய். பொய் என்று தெரிந்துகொண்டேதான் சொன்னீர்கள்.

போன மாதம் ஸ்காபரோவில் எங்கள் தமிழ் வியாபாரிகள் கூட்டிய மதிய விருந்தில், பொறுமையைப் பற்றிப் பேச உங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நீங்கள் ஒலிவாங்கியைப் பிடித்துச் சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள்: "ஒரு வெள்ளைக்கார விவசாயி. பயிர் பனியிலை கருகிப்போச்சு. நாலு நாள் பொறடாப்பா எண்டு நாங்கள் சொன்னனாங்கள். கேட்டானே? உடன உழுதுபோட்டு அந்த வருசம் தலையிலை கை வைச்சான்." மண்டபம் முழுக்கச் சிரித்தது.

அந்த விவசாயியை உழச் சொன்னது நான். அது உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஊரில் போர் முடிந்த வருடம் நான் ரெக்ஸ்டேலில் ஒரு விதைக் கம்பனியின் தொலைபேசிப் பிரிவில் வேலை செய்தேன். நீங்கள் மேற்பார்வையாளர். அந்த வேலையை எடுத்துத் தந்ததும் நீங்கள்தான். அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது. ஊரில் நான் விவசாயப் போதனாசிரியர். நெல்லும் மிளகாயும் தெரியும். கடுகு மாதிரி எண்ணெய் வித்துப் பயிரான கனோலாவை எண்ணெய்ப் போத்தலில் மட்டும்தான் கண்டிருந்தேன். மேற்கே தானியம் விளைகிற பிரேரி மாகாணங்களில் இருந்து விவசாயிகள் மழை, பனி, பூஞ்சணம் என்று எதற்கும் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். பதில்கள் ஒரு தடித்த கோப்பில் இருந்தன.

அதில் நான் முதலில் படித்த பக்கம் உறைபனி. கனோலா முளைத்த கையோடு பனி அடித்தால் இலை கறுத்துச் சுருண்டுவிடும். பார்த்தால் செத்தது போலவே இருக்கும். உடனே உழக்கூடாது. நாலு நாள் பொறுத்து, இரண்டு விதையிலைகளுக்கும் நடுவில் பார்க்க வேண்டும். அங்கே குருத்துப் பச்சையாக இருந்தால் கன்று பிழைக்கும்.

யுத்தம் முடிந்ததென்று அறிவித்த அன்று காலையும் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்வது? தங்கச்சி வன்னிக்குள். அவளுடைய குரலைக் கேட்டு இரண்டு மாதமாகிவிட்டது. அப்போது அந்தப் பிரேரி மாகாணங்களில் ஒன்றான சஸ்காட்செவானில் இருந்து ஒரு விவசாயி தொலைபேசி எடுத்தார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு மனதில் நிற்கிற மாதிரி எழுதுகிறேன்.

"எல்லாம் கறுத்துப்போச்சு. பொறுக்கிறதோ, திரும்ப விதைக்கிறதோ?"

"செத்ததைப் பாத்துக்கொண்டு நிண்டு என்ன வரப்போகுது? உழுதுபோட்டு விதையும்" என்றேன். கோப்பு எனக்கு முன்னால்தான் கிடந்தது.

அவர் கேட்டார்: "உம்மடை குரல் சரியில்லை. என்ன நடந்தது?"

சொன்னேன். தங்கச்சியின் பெயரைக் கேட்டார். எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதினார். தன்னுடைய மனைவி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் செபிப்பா என்றார். "பிழையாத்தான் சொல்லுவா. கடவுளுக்கு விளங்கும்." நாங்கள் வேலை செய்த அந்தக் கந்தோரில் ஒருவர்கூட அவளுடைய பெயரைக் கேட்டிருக்கவில்லை, அண்ணை. நீங்களும் கேட்கவில்லை.

அவர் நான் சொன்னபடி செய்தார். பாதி நிலத்தை உழுது திரும்ப விதைத்தார். மற்றப் பாதிக்குப் போக முன்னர் மழை பிடித்துக்கொண்டது. அந்த உழாத பாதி ஒரு கிழமையில் தளிர்த்து, வெயிலில் பூத்து, நன்றாக விளைந்தது. பிந்தி விதைத்த பாதி பூக்கும்போது மழை விடாமல் பெய்தது. உதிர்ந்த பூவிதழ்கள் இலைக்கணுவில் ஈரத்தோடு ஒட்டின. அதில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துத் தண்டுக்குள் இறங்கியது. தண்டுகள் வெளிறிச் சரிந்தன. தப்பியதை இலையுதிர் காலத்து முதல் பனி பிடித்தது. முற்றாத விதை உள்ளே பச்சையாகவே நின்றுவிட்டது. பச்சை விதையின் எண்ணெயும் பச்சை. அதை நல்ல தரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

அறுவடை முடிய அவரே தொலைபேசி எடுத்தார். முதல் கேள்வி தங்கச்சியைப் பற்றி.

"உயிரோடை இருக்கிறாள். முகாமிலை."

"அப்ப சரி" என்றார். பெரிய மூச்சொன்று கேட்டது. அதற்குப் பிறகுதான் வயலைப் பற்றிச் சொன்னார். "தண்டைப் பிளந்தால் பூஞ்சணக் கட்டி கறுப்புக் கறுப்பாய்க் கிடக்கு. எலி கூட இவ்வளவு புழுக்கை போடாது."

"பிழை என்ரை. கம்பனிக்கு எழுதிக் குடுக்கிறன்."

"உங்கடை கம்பனி ஆள் வந்து கேட்டவர். நான்தான் பொறுக்கேலாமல் உழுதனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வாற வருசமும் எனக்கு நிலம் இருக்கும். உமக்கு வேலை போனால் அந்தப் பிள்ளையை எப்பிடி இஞ்சை கூப்பிடுவீர்?"

நான் எழும்பி நேரே உங்களிடம் வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். "உனக்கென்ன விசரே? அவனே தன்ரை பிழை எண்டு சொல்லிப்போட்டான். நீ ஏன்டா வாயைத் திறக்கிறாய்?" வாயை மூடினேன். அது என் குற்றம். அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

வேலை நிலைத்தது. தங்கச்சியை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணினேன். இப்போது அவள் வெக்ஸ்போர்டில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் வந்து சேர்ந்ததற்குக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செய்தேன், அலுவல் பார்த்த வழக்கறிஞருக்கு நன்றி சொன்னேன். முதல் நன்றி போயிருக்க வேண்டிய இடம் சஸ்காட்செவான். முகம் தெரியாத ஒருவனுக்காக, நட்டஈடும் கேட்காமல், தன்னுடைய பாதி விளைச்சலையும் தன்னுடைய பெயரையும் ஒரு மனிதர் விட்டுக்கொடுத்தார். விவசாயிக்கு அவசரக்காரன் என்ற பெயர் சின்ன விடயமில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளாவது சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் மே மாதம் தொலைபேசி எடுப்பார். பனி எப்படி, மண்ணில் ஈரம் எப்படி என்று சொல்லுவார்.

அன்றைய விருந்தில் தங்கச்சி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். காரில் வரும்போது அவளுக்கு உண்மையைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்ப நீங்கள் ஏன் அண்ணா அங்கையே எழும்பிச் சொல்லேல்லை?"

பிந்தித்தான், ஆனாலும் இப்போது சொல்லிவிட்டேன்.

இனி நீங்கள், அண்ணை. என்னைக் காப்பாற்றத்தான் அன்று கதவைச் சாத்தினீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள், எல்லார் முன்னாலும் நன்றி சொல்கிறேன். ஆனால் எனக்குத் தொலைபேசி எடுத்துச் சமாளிக்க வேண்டாம். அடுத்த கிழமை இதே பத்திரிகையில் உங்கள் பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள்: அந்த மனிதர் பொறுமை இல்லாதவரா?