கால் டேங்கிலேயே நின்ற முள்

இட்லித் துணியின் ஆவியும் டீசல் வாடையும் கலந்தால் ஒரு மணம் வரும்... எங்கள் பழைய பிக்கப் வண்டிக்குள் விடியற்காலை வாசனை அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் சமைத்து, பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதிக்குக் காலை டிபன் கொண்டுபோவோம். அடுப்பு என் பொறுப்பு. வண்டி என் நாத்தனார் வள்ளியின் பொறுப்பு. என் மாமனாரின் டிராக்டரில் ஓட்டப் பழகியவள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கண்டுகொள்ளவே மாட்டாள்.

வண்டியில் ஒரே ஒரு குறை... டீசல் மீட்டர்.

டேங்கை நிரப்பினால் முள் ஒழுங்காக மேலே ஏறும். ஓட ஓட இறங்கும். கால் டேங்க் வந்ததும் நின்றுவிடும். அதற்குக் கீழே அசையாது. மெக்கானிக் மீட்டரையே மாற்றிக் கொடுத்தார். புது மீட்டரும் அதே கால் டேங்க்! மனக்கணக்கில்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு வாரம் கல்யாண ஆர்டருக்காக மாமல்லபுரம் போய்வந்ததில் அந்தக் கணக்கும் தப்பியது.

அன்று விடுதிப் பையன்களுக்குப் பரீட்சை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் வந்தபோது வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு வள்ளி?"

"டீசல் இல்ல அண்ணி. முள்ளு மட்டும் கால் டேங்க்ல கெத்தா நின்னுகினு கீது."

டீசல் தீர்ந்து வண்டி நின்றால், மறுபடி ஊற்றினால் மட்டும் கிளம்பாது. குழாயில் புகுந்த காற்றைக் கையால் பம்ப் அடித்து வெளியேற்ற வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். வள்ளி யோசிக்கவே இல்லை.

"நீ டிபன எட்துகினு ரயில்ல பூடு. வண்டிய நான் பாத்துக்கறேன்."

இரண்டு ஆட்டோக்காரர்கள் கை கொடுத்தார்கள். இட்லி அண்டாவும் சாம்பார் தூக்கும் எலக்ட்ரிக் டிரெயினில் ஏறின. நான் சாம்பார் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபீஸ் போகிறவர் ஒருவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னாக்கா, பசியக் கெளப்பிட்டியே" என்றார். பொத்தேரியில் அவரே அண்டாவை இறக்கியும் வைத்தார்.

பையன்கள் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு பரீட்சைக்கு ஓடினார்கள். ஒருவனும் பட்டினி போகவில்லை. ஆனால் வார்டன் விடவில்லை.

"இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்மா."

எங்கள் பிழைப்பில் பாதி அந்த விடுதிதான். வண்டியோடு வந்து சேர்ந்த வள்ளியிடம் சொன்னேன். கறுத்துப்போன கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு அந்த முள்ள வுடறதில்ல" என்றாள்.

மதியம் வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தோம். டேங்குக்கு மேலே இருந்த வட்ட மூடியைக் கழற்றினாள். அதோடு ஒரு கம்பி, கம்பி நுனியில் மிதவை. டீசல் ஏற ஏற மிதவை ஏறும், இறங்க இறங்க இறங்கும். அதைப் பார்த்துத்தான் முள் நகரும்.

வள்ளி மிதவையை வெளியே வைத்துத் தூக்கினாள், இறக்கினாள். நான் டிரைவர் சீட்டில் இருந்து மீட்டரைப் பார்த்தேன். முள் அழகாக ஃபுல்லுக்குப் போனது... அடியில் சிவப்புக் கோடு வரைக்கும் வந்தது!

"வள்ளி, மீட்டர்லயும் தப்பில்ல, மிதவையிலயும் தப்பில்ல. அப்போ டேங்க்லதான் ஏதோ இருக்கு."

ஒரு குச்சியை உள்ளே விட்டுத் தடவினாள். முகம் மலர்ந்தது.

"அண்ணி, அடியில மேடு கீது!"

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தோம். எப்போதோ ஏதோ கல்லில் இடித்து, டேங்கின் அடித்தகடு உள்பக்கமாக எழும்பியிருந்தது. மிதவை அந்த மேட்டில் போய் உட்கார்ந்துவிடும். டீசல் அதற்கும் கீழே இறங்கினாலும் முள்ளுக்குத் தெரியாது.

மிதவைக் கம்பியை மேட்டுக்குப் பக்கவாட்டில் இறங்கும்படி கட்டிங் பிளேயரால் நான் வளைத்தேன். வள்ளி பொருத்தினாள். இரண்டு முறை சரிவரவில்லை, தட்டியது. மூன்றாம் முறை வழுக்கிக்கொண்டு அடிவரை போனது.

டீசல் கால் டேங்குக்கு இறங்கும்வரை பொறுத்திருந்தோம். முதல்முறையாக முள் கால் டேங்கைத் தாண்டிக் கீழே இறங்கியதைப் பார்த்து, பரனூர் பக்கம் நடுரோட்டில் நான் கைதட்டிவிட்டேன்.

"ரோட்டப் பாரு அண்ணி!" என்றாள், ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான் என்பதையே மறந்து.

அதன் பிறகு விடுதிக்கு ஒரு நாளும் தாமதமில்லை. அடுத்த வருஷம் பக்கத்து விடுதியும் எங்களிடமே வந்தது. எந்த வண்டி வந்தாலும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்ற தைரியமும் வந்தது.

இப்போது வள்ளி ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். போன மாதம் அவள் மகனின் புதுக் காரில் மாமல்லபுரம் போனோம். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையே சொல்கிறது. பங்க் எங்கே இருக்கிறது என்றும் அதுவே காட்டுகிறது. வசதிதான், மறுக்கவில்லை...

வள்ளி அந்தத் திரையை ஓரம் ஓரமாக விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது அண்ணி. ஆனா ஒரு ஸ்க்ரூ கூட காணமே... இதுல நம்ம ரெண்டு பேருக்கும் இன்னா வேல?"