வசந்தாவின் காரும் ஏழுமலையின் வரிப் பயமும்

கோடை முடிந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டிருப்பேன் — வாசலில் குரல்.

"அண்ணே... ஊட்ல கீறீங்களா? ஒரு ஞாயம் சொல்லுங்க!"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று மீஞ்சூரில் எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. பட்டா மாறுதல், பல் வலி, பையனுக்கு எந்தக் கோர்ஸ்... எல்லாவற்றுக்கும் என் வீட்டு வாசல்தான். தெரியாது என்று சொன்னால், "சொல்ல மனசு இல்ல" என்று கோபித்துக்கொள்வார்கள். அதனால் நான் தெரியாது என்று சொல்வதே இல்லை. "பார்க்கலாம்" என்பேன்.

வந்தது பக்கத்துத் தெரு வசந்தா. எளாவூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அரசு சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். நாலடி தள்ளிப் பின்னால் அவர் கணவர் ஏழுமலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் உலைப் பக்கம் நின்றவர். அந்த ஆலை மூடிப் பல வருடம் ஆகிறது.

"இன்னா ரைட்டரே, நாஷ்டாவா? நீங்க துண்ணுங்க. இது சும்மா ஒரு பேஜாரு" என்றார் ஏழுமலை.

"பேஜாரா? அண்ணே, நான் ஒரு காரு வாங்கணும்னு சொன்னேன். சின்னக் காரு. டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து எல்.எல்.ஆரும் எடுத்துக்கினேன். இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? எனக்கு வந்த ரிட்டையர்மெண்ட் காசு மொத்தத்தையும் பேங்க்ல எஃப்.டி. போட்டுக்கினு வந்துட்டாரு!"

"கையெழுத்து போட்டது யாரு?" என்றார் ஏழுமலை, மெதுவாக.

"நீ பயமுறுத்துனே, நான் போட்டேன்!"

என்ன பயம்? கேட்டேன். ஏழுமலை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், நாளைக்கு இன்கம் டாக்ஸ்ல இருந்து வந்து பாதியக் குடுன்னு கேட்டா இன்னா பண்றது? காருல பாதிய அறுத்துக் குடுக்கறதா?"

சிரிக்காதீர்கள். அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

ஆலை மூடியபோது ஏழுமலைக்கு செட்டில்மெண்ட் வந்தது. வரப்போகிற தொகையை நம்பி மாடியில் ஓர் அறை எழுப்ப ஆரம்பித்துவிட்டார். கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது — ஒரு பகுதியை வரி என்று பிடித்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறார்கள். மாடி, தலையில்லாமல் நாலு சுவரோடு நின்றது. மூன்று மழைக்காலம் அந்தச் சுவரில் பாசி படர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். கூரை போட்டது வசந்தாவின் சம்பளத்தில்.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்து டீக்கடையில் ஏழுமலைதான் செட்டில்மெண்ட் சீனியர். யாருக்குக் கம்பெனியிலிருந்து மொத்தப் பணம் வந்தாலும் அவரைக் கேட்டுத்தான் தொடுவார்கள். அவர் சொல்லும் சட்டம் ஒன்றே ஒன்று: "முதல்ல டாக்ஸ் பங்க ஒதுக்கி வை. கேக்கறப்ப குடுக்கணும்." அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து வைப்பது போல, அந்தத் தெருவில் எல்லாரும் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அநேகமாக யாரும் வந்து கேட்டதில்லை. ஆனாலும் காத்திருப்பார்கள்!

தொழிற்சாலைத் தெருவில் இப்படித்தான். அரசாங்க உத்தியோகம் அங்கே ஒன்றிரண்டு பேருக்குத்தான். உலையில் கற்ற பாடத்தை ஏழுமலை அப்படியே ஊசி போடுகிறவருக்கும் பொருத்திவிட்டார்.

"காரு எதுக்கு வசந்தா? ஷேர் ஆட்டோ இருக்கு, ட்ரெயின் இருக்கு..." என்று நானும் புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வசந்தா சொன்னார்: "அண்ணே, பிரசவ கேஸ் பாத்துட்டு எத்தினி வாட்டி அந்த ஹைவேல கைய நீட்டிக்கினு நின்னுகீறேன் தெரியுமா? லாரி, டெம்போ, மீன் வண்டி... எவன் நிறுத்துவான், எப்படிப் பாப்பான், ஒண்ணும் தெரியாது. நிறுத்துனவங்க எல்லாம் நல்லவங்கதான், இல்லன்னு சொல்லல. ஆனா கைய நீட்டறப்ப ஒரு கூச்சம் வரும் பாருங்க... இனிமே நான் அப்படி நிக்க மாட்டேன். அவ்ளோதான்."

நான் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்க்கலாம்" என்று சொல்லித் தப்பிக்கிற விஷயம் இல்லை இது. மறுநாள் மூவரும் ரயிலேறிக் கவரைப்பேட்டை போனோம். அங்கே பேக்கரி மாடியில் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் அம்மா ஒருவர் இருக்கிறார். எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டார். அதனால் ஏழுமலை முன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க அரசு ஊழியர்தானே? கார்ப்பரேஷன், வாரியம், கம்பெனி இல்லையே?" — ஆடிட்டரின் முதல் கேள்வி.

"ஸ்டேட் கவர்மெண்ட்தாம்மா" என்றார் வசந்தா.

"அப்ப கேட்டுக்குங்க. ரிட்டையர் ஆனப்ப வந்த கிராஜுவிட்டி, பென்ஷன்ல ஒரு பங்கை முன்கூட்டியே வாங்கினீங்களே அந்த கம்யூட்டேஷன் பணம், சேர்த்து வச்ச லீவுக்கு வந்த காசு, ஜி.பி.எஃப். — எதுக்கும் வருமான வரி கிடையாது."

ஏழுமலை நம்பவில்லை. "எனக்குப் புடிச்சாங்களே?"

"நீங்க தனியார் கம்பெனி. உங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினா வரி. அப்ப அந்த வரம்பும் கம்மி. உங்க கணக்கு வேற, அவங்க கணக்கு வேற."

"ஒரே ஊடுதானேம்மா?"

"ஊடு ஒண்ணுதான். சட்டம் ரெண்டு."

வசந்தா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "அப்ப எதுக்குமே வரி இல்லியாம்மா?"

"அப்படிச் சொல்லல. மாசாமாசம் வர்ற பென்ஷன், சம்பளம் மாதிரி. அது வருமானக் கணக்குல சேரும். அப்புறம்... அந்தப் பணத்தை என்ன பண்ணியிருக்கீங்க?"

"எஃப்.டி." என்றார் ஏழுமலை. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

"அதுல வர்ற வட்டியும் வருமானம்தான். அசலுக்கு வரி இல்ல, வட்டி கணக்குல வரும்."

"ஆட்டுக்கு இல்ல... குட்டிக்கு உண்டுன்றீங்க?" என்றார் ஏழுமலை.

"அதேதான்."

ஆக, நடந்தது என்ன? வரியே இல்லாத பணம். வரிக்குப் பயந்து, வரிக் கணக்கில் சேருகிற ஒரு வேலையை அதற்குக் கொடுத்துவிட்டார் நம் செட்டில்மெண்ட் சீனியர்! வசந்தா அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மாதிரிப் பார்வைக்கு எந்தச் சட்டத்திலும் விலக்கு கிடையாது.

ஆடிட்டருக்கே பாவமாகிவிட்டது. பென்ஷனையும் வட்டியையும் கூட்டிப் பார்த்தார். "பயப்படாதீங்க. ரெண்டும் சேர்ந்தாலும் இப்ப இருக்கிற சலுகைக்குள்ளயே வருது. கட்ட வேண்டியது வராது. ரிட்டர்ன் மட்டும் ஒழுங்கா போட்டு வையுங்க. சட்டம் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால வருஷா வருஷம் ஒரு தடவை கேட்டுக்குங்க" என்றார்.

கீழே இறங்கினோம். பேக்கரியில் மூன்று டீ சொன்னேன். ஏழுமலை கண்ணாடி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வசந்தா... எஃப்.டி.ய ஒடைச்சா வட்டி கொஞ்சம் கொறையும். பரவால்லியா?" என்றார்.

"கொறையட்டும்யா. குட்டிதானே" என்றார் வசந்தா.

அப்புறம் என் காதருகே வந்து ஏழுமலை கிசுகிசுத்தார். "ரைட்டரே, இந்த டாக்ஸ் இல்லன்ற மேட்டர வெளிய சொல்லாதீங்க. பாதி டாக்ஸுக்குப் போயிடும்னு சொல்லித்தான் கடன் கேக்கற சொந்தக்காரங்க வாய அடைச்சுக்கினு கீறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை ஏழுமலை. எழுதத்தானே செய்கிறேன்? பெயரையும் மாற்றிவிட்டேன்.

எனக்கு இதில் தோன்றியது ஒன்று. வருமானத்துக்கு மட்டும் இல்லை, பயத்துக்கும் வரி உண்டு. ஆனால் அதைப் பயந்தவர் கட்டுவதில்லை... பக்கத்தில் இருப்பவர் கட்டுகிறார். நம் வீட்டில் யாருடைய ஆசையை யாருடைய பயம் எஃப்.டி. போட்டு வைத்திருக்கிறது? ஒரு தடவை எட்டிப் பாருங்களேன்.

போன வாரம் வாசலில் ஹாரன். சிவப்பு நிறக் கார். லைசென்ஸும் வந்தாயிற்று. "ஏறுங்க அண்ணே, எளாவூர் வரைக்கும் ஒரு ரவுண்டு" என்றார் வசந்தா. முன் சீட்டில் ஏழுமலை, இரண்டு கையாலும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு. பின்னால் நான், வெளியே சிரித்துக்கொண்டு, உள்ளே வேண்டிக்கொண்டு. லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. சைக்கிள் ஒன்றும் தாண்டியது. வசந்தா கவலைப்படவே இல்லை.

எளாவூர் நெருங்கும்போது சாலையோரம் ஒரு பெண். தோளில் பை, இடுப்பில் குழந்தை. போகிற வண்டிகளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

வசந்தா இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி நிறுத்தினார். அந்தப் பெண் கதவருகே வந்து தயங்கினாள். "எவ்ளோம்மா கேப்பீங்க?"

வசந்தா என் பக்கம் திரும்பி, பின் கதவைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பதில் சொன்னது ஏழுமலைதான்... கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி:

"பயப்படாம ஏறும்மா... இதுக்கெல்லாம் டாக்ஸ் கிடையாது!"