சூசையப்பருக்கு ஒரு பெரியவர்

ஷார்ஜாவில் கிழவர்களே கிடையாது. ஒரு மார்ச் மாதம், அவசரமாக ஒரு கிழவர் தேவைப்பட்டபோதுதான் இதைக் கண்டுபிடித்தேன். அறுபது வயதானால் விசாவை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். முவைலாவில் எங்கள் கட்டடத்தை மாடி மாடியாக யோசித்துப் பார்த்தேன். டியூட்டிக்குப் போகிற ஆண்கள், அவர்கள் மனைவிமார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். நரைத்த தலை என்று ஒன்றுகூட இல்லை.

எங்கள் குடும்பத்தில், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர் திருநாளன்று ஒரு பெரியவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று மூன்று பேரை அழைத்து, திருக்குடும்பமாக நினைத்து முதல் பந்தியில் உட்காரவைப்பது வழக்கம். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டார் இலை போடலாம். என் கணவர் பிறந்ததும் அதே நாளில்தான். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் என்பதால் கறியும் மீனும் கிடையாது. அவருடைய பிறந்தநாள் சாப்பாடு எப்போதும் சாம்பார், அவியல், பாயசம்தான்.

வளைகுடாவுக்கு வந்தபின் மூன்று பேரைத் தேடுவதை விட்டுவிட்டு, பாயசத்தோடு முடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் முந்தின வருடம் அவருடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். விசா முடிய ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், வேலை கிடைத்தால் மூன்று பேருக்கும் முறைப்படி சாப்பாடு போடுகிறேன் என்று சூசையப்பர் படத்துக்கு முன் நின்று நேர்ந்துகொண்டேன். வேலை கிடைத்தது. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

பெண்ணும் குழந்தையும் சுலபமாகக் கிடைத்தார்கள். கீழ்வீட்டு இலங்கைப் பெண் தன் மூன்று வயது மகனோடு வருவதாகச் சொல்லிவிட்டாள். பெரியவருக்குத்தான் திண்டாட்டம்.

"என்னையே உக்கார வச்சிரு. இன்னும் பத்து வருஷத்துல நானும் கெழவன்தான்" என்றார் என் கணவர்.

"மீசைக்கு மை போடுத ஆளையெல்லாம் சூசையப்பரா உக்கார வைக்க முடியாது" என்றேன்.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வருவார்கள். அவர்களில் ஒருவர் கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கிற கார்பெண்டர். முடி முழுக்க வெள்ளை, கன்னம் ஒட்டி, முன்பல் இரண்டு இல்லை. மத்தியானம் எங்கள் கட்டடத்து நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார். ஒருநாள் மளிகைக் கடை வாசலில் அவரை மடக்கினேன்.

"ஐயா தமிழா?"

"ஆமாக்கா. புதுக்கோட்டைப் பக்கம்."

என்னை அவர் அக்கா என்று கூப்பிட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வளைகுடாவில் எந்தப் பெண்ணும் எல்லோருக்கும் அக்காதானே என்று விட்டுவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன், அன்றைக்குத்தான் என் கணவருக்குப் பிறந்தநாள் என்பதையும்.

"நான் மாரியாத்தாளக் கும்புடுறவன்க்கா. பரவாயில்லையா?"

"பசிச்சு வந்தாப் போதும் ஐயா."

அந்த வருடம் திருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது, அவருக்கும் லீவு. காலைப் பூசை முடிந்ததும் என் கணவர் காரில் சோனாப்பூருக்குப் போய் அவரை அழைத்துவந்தார். தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு. ஊரிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய வாழையிலைகளை முந்தின நாளே வாங்கி நனைத்த துணியில் சுற்றி வைத்திருந்தேன். முதல் இலை அவருக்கு. அவியலை மூன்று முறை கேட்டு வாங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இலங்கைப் பெண்ணின் மகன் பாயசத்தை மடியில் கொட்டிக்கொண்டான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கார்பெண்டர் கை கழுவிவிட்டு வந்தார். பெரியவர் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தால்தான் முறை முடியும். சொன்னேன். என் கணவர் முன்னால் வந்து தலையைக் குனிந்தார். கையைத் தூக்கியவர் நடுவில் நிறுத்தினார்.

"சாருக்கு இன்னிக்கு எத்தன வயசு?"

"நாப்பத்தாறு ஐயா."

கையை இழுத்துக்கொண்டார். "எனக்கு நாப்பத்தொண்ணுதாங்க்கா ஆவுது. மூத்தவரு தலையில நான் எப்படிக் கை வக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. ஒரு மனிதனை நாற்பத்தொரு வயதில் இப்படி ஆக்கி நிறுத்தியிருந்த அந்த வெயில்மேல், எதிர்க்கட்டடத்தின்மேல், வாய்க்கு வாய் ஐயா என்று கூப்பிட்ட எங்கள் எல்லோர்மேலும். அவரோ தப்புச் செய்துவிட்டவர்போல நின்றிருந்தார்.

"அப்ப நேர்ச்சை?" என்றார் என் கணவர், மெதுவாக.

"நேர்ச்சைக்கு என்ன? சூசையப்பருக்கு என்ன வயசுன்னு வேதத்துல எங்கயாவது எழுதியிருக்கா? தச்சுவேலை செஞ்சாருன்னுதான் எழுதியிருக்கு. குனிங்க."

குனிந்தார். என் முகத்தைப் பார்த்ததும், இவள் விடமாட்டாள் என்று அந்த மனிதருக்கும் புரிந்திருக்க வேண்டும். சுத்தியல் பட்டுக் கறுத்த நகங்களோடு அந்தக் கை என் கணவரின் தலையில் இறங்கியது.

"நல்லா இருங்கண்ணே" என்றார்.

அடுத்த மார்ச்சில் நான் கிழவர் யாரையும் தேடவில்லை. முதல் இலை அவருக்குத்தான் போட்டேன். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.