பாட்டுப் போட்ட படங்கள்

கணினியில் இரண்டு படங்களை அருகருகே ஓடவிட்டு, கல்லடிக் கடற்கரை எதில் தெளிவாகத் தெரிகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டும் ஒரே காட்சிதான். கணினியில் இடம் மிச்சமாக, ஒன்றைப் பழைய எச்.264 முறையில் சுருக்கியிருந்தேன், மற்றதைப் புதிய எச்.265 முறையில். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கட்டாரிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் சின்னக் கமராவில் எடுத்துத் தள்ளிய வீட்டுப் படங்கள் அவை. அவர் இறந்து ஓராண்டாகப் போகிறது. திவசத்துக்கு முன் எல்லாவற்றையும் டிவியில் பார்க்கும்படி செய்து தரச்சொல்லி அக்கா கேட்டிருந்தாள். கசெட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவற்றிலிருந்து கணினியில் ஏற்றிய பிரதிகளோ இருந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டன. எச்.265 பாதி இடத்தில் அடங்கியது. ஆனால் அக்காவின் பழைய டிவி அதைத் தொடவே மாட்டேன் என்றது. இரண்டு கிழமை மண்டையை உடைத்து, கடைசியில் எச்.264இலேயே படத்தின் தெளிவு குறையாதபடி சுருக்கினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சத்தத்தைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணமோ, பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கோ, வீடியோ என்றால் அதற்குப் பாட்டுப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் வேலை முடியவில்லை என்பார்கள். அத்தானின் படங்களில் காற்று இரைந்தது, நாய் குரைத்தது. அத்தனை சத்தத்தையும் நீக்கிவிட்டு, கடற்கரைக்கு ஒரு பாட்டு, மண்டூர்த் திருவிழாவுக்கு ஒரு பக்திப் பாட்டு என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். பிறகு கணினியிலிருந்த பெரிய பிரதிகளை அழித்தேன். கசெட்டுகளைக் குப்பையோடு எரித்ததும் நான்தான்.

திவசத்துக்கு முதல்நாள் அக்கா பார்க்க உட்கார்ந்தாள். பாதியில் என் பக்கம் திரும்பினாள்.

“வடிவாத்தான் இருக்கு புள்ள. அவர் கதைக்கிறது எங்க?”

கமரா பிடிப்பவர் படத்தில் விழமாட்டார். அத்தனை கசெட்டிலும் அத்தானின் முகம் ஓர் இடத்திலும் இல்லை. இருந்தது குரல் மட்டும்தான். இஞ்சால பாருங்க, கொஞ்சம் சிரிங்க என்று எந்நேரமும் எதையாவது சொல்லிக்கொண்டேதான் எடுப்பார். அதைக் கேட்கத்தான் அக்கா ஒரு வருடமாகக் காத்திருந்தாள்.

“உன்ர கொம்பியூட்டருக்குள்ளயும் இல்லையா?”

“இல்லக்கா. அழிச்சிட்டன்.”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அக்கா பாட்டை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறாள். எந்த இடத்தில் அத்தான் என்ன சொன்னார் என்று பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொண்டு வருவாள். போன கிழமை நானும் பக்கத்தில் இருந்தேன். படத்தில் நான் கமராவைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அந்த இடத்தில் அக்கா படத்தை நிறுத்தினாள்.

“இதில என்ன புள்ள சொன்னவர்? எனக்கு ஞாபகம் வருகுதில்ல.”

அவ்வளவு தெளிவான படம். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரை நான் புறங்கையால் துடைப்பதுகூடத் தெரிகிறது. அவர் என்ன சொன்னார் என்பது எனக்கும் நினைவில்லை.