நடுநிலையான நாத்தனார்

அடுத்த அறையிலிருந்து தன் குரலே தனக்குக் கேட்டது. ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள் ஊசி.

“எனக்கு இந்த வீட்டுல ஒரு குறையும் இல்லை. அத்தை எனக்கு அம்மா மாதிரி.”

அன்று போனில் பதிவு செய்த பேட்டியை நாத்தனார் ஓடவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

ஊசி என்பது தெரு வைத்த பெயர். கையில் இருப்பதற்காகப் பாதி, வாயில் இருப்பதற்காகப் பாதி. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு வாயே கிடையாது, கண்ணீர் மட்டும்தான். முன்னறையில் மிஷினைப் போட்டுத் தையல் கடை தொடங்கிய பிறகுதான் அழ நேரமில்லாமல் போயிற்று. இப்போது அந்த அறையைக் காலி செய்யச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள் மாமியார். கடை வந்துதான் வீட்டுக்குள் சண்டை வந்ததாம்!

பஸ் ஓட்டும் புருஷனுக்கு இரண்டு பக்கமும் பயம். “தங்கச்சி சமூகவியல் ஆராய்ச்சி பண்றா. வேலை பார்க்கிற பொம்பளைங்க குடும்பத்தைப் பத்திதானே? நம்ம வீட்டையும் பார்க்கட்டும். அவ நடுநிலையா சொல்றதுதான் முடிவு” என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டான்.

தங்கச்சியும் வந்தாள். அம்மாவின் கட்டிலில் படுத்தாள். அம்மா ஊட்டாத குறையாகப் போட்டதைச் சாப்பிட்டாள். அண்ணியைப் பேட்டி கண்டபோது, எதிரே அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஊசி விருட்டென்று அந்த அறைக்குள் நுழைந்தாள்.

“முடிவு எழுதியாச்சா?”

“ஆச்சு அண்ணி. அம்மாகிட்ட உங்களுக்குக் குறை இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. கடைக்கு முன்னாடி சண்டையே இல்லைன்னு அம்மா சொல்றாங்க. அப்ப காரணம் கடைதானே? நான் யார் பக்கமும் பேசலை.”

“உங்கம்மா எதிர்ல உட்கார்ந்திருந்தாங்களே, அதை எழுதினியா?”

“அது... அது ஒரு தகவல் இல்லையே.”

“அவங்க கையில இருந்த கத்தியைப் பார்த்துக்கிட்டே சொன்ன பதில்மா அது! அப்பல்லாம் சண்டை இல்லையாம். சண்டைக்கு ரெண்டு பேர் வேணும். நான் அழுதுக்கிட்டு மட்டும்தானே இருந்தேன்!”

சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள் மாமியார்.

“என்னடி, என் பொண்ணை மிரட்டறியா? நீ தலைகீழா நின்னாலும் அவ எனக்காகத்தான் எழுதுவா!”

நாத்தனார் பேனாவை வைத்தாள். “அம்மா, நான் உன் பொண்ணா வரலை. ஆராய்ச்சி பண்ண வந்திருக்கேன்.”

“அப்ப என் கட்டில்ல ஏன்டி படுத்தே? லாட்ஜுல படுத்திருக்க வேண்டியதுதானே!”

நாத்தனார் எழுந்தாள். துணிகளைப் பைக்குள் திணித்தாள்.

“என்னால முடிவு சொல்ல முடியாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடறேன்.”

“பெத்தவளுக்கே துரோகமா?” மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

முன்னறையைக் கடக்கையில் நாத்தனார் திரும்பினாள். “கடை தப்பிச்சது. என் ஆராய்ச்சி நாசமாப் போச்சு. திருப்திதானே அண்ணி?”

“யாரோட பொண்ணு நீ, யார் கட்டில்ல தூங்கினே, யாரைப் பக்கத்துல வெச்சு என்னைக் கேட்டே, இதையெல்லாம் முதல் பக்கத்துல எழுது. அப்புறம் என்னைத் திட்டி எழுதினாக்கூட நம்பறேன்.”

“அப்படி எழுதினா என்னை யார் நம்புவாங்க?”

“அப்ப நடுநிலைன்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி ஏறாதே.”

நாத்தனார் படியிறங்கினாள். உள்ளே மாமியாரின் ஒப்பாரி ஓங்கியது. ஊசி கதவை அறைந்து சாத்தினாள்.