உஷ் அக்காவின் தயார் பதில்கள்

நூலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உஷ் அக்கா என்றால்தான் தெரியும். படிக்கிற கூடத்தில் யாராவது குரலை உயர்த்திவிட்டால், அடுக்குகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்து ஒரே ஒரு உஷ். மேசை முழுக்கக் கப்சிப் ஆகிவிடும். திட்டவே மாட்டாள். அதனால்தானோ என்னவோ எல்லாரும் கேட்பார்கள்.

அவளுக்கு நேர் எதிர் அவள் புருஷன். பஸ் கண்டக்டர். அவர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கே கேட்கும் என்பார்கள். "ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும்னுதான் ஆண்டவன் எனக்கு இவளைக் குடுத்தான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வாய்தான் அடைத்துப்போனது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சாய்ந்தவர்தான். வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. பேச்சில் மிச்சம் இருந்தது 'ஆ' மட்டும். சின்னதாக வந்தால் தண்ணீர். இழுத்து வந்தால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சுவரைப் பார்த்து வந்தால் ஒன்றும் வேண்டாம், சும்மா விடு என்று அர்த்தம்.

அன்றிலிருந்து அவளுக்குள்ளும் ஏதோ மரத்துவிட்டது. அழவில்லை. அழுகை வரும் வரும் என்று அக்கம்பக்கத்தார் காத்திருந்து, வராமல் போகவே கொஞ்சம் ஏமாந்தும் போனார்கள். கட்டில் கால் இடித்து நகம் பெயர்ந்ததுகூட, தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. காலையில் எழுந்ததும் கும்பிடுவாள். வாய் வழக்கம்போல முணுமுணுக்கும், கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. அதையும் கடவுள் கணக்கில் எடுத்துக்கொள்ளாமலா போவார்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்திருந்தாள். கை சுத்தம், மனசு சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணி, நான் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். என் பொண்ணுக்கு நாள் நெருங்குது. அண்ணனுக்காக அங்க குழந்தை காத்துக்கிட்டா இருக்கும்?"

"தெரியும்மா."

"தெரியும் தெரியும்னா ஆச்சா? அப்புறம் யார் பாப்பா? வேலையை விட்டா வயித்துக்கு என்ன பண்ணுவீங்க? ஏதாவது யோசிச்சீங்களா?"

"பாக்கலாம்."

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க."

யோசிக்காமல் இல்லை. நூலகத்துக்குப் புதிதாக இணையப் பக்கம் ஒன்று போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் 'நூலகரிடம் கேளுங்கள்' என்று ஒரு சின்ன ஜன்னல். வீட்டிலிருந்தபடியே யார் வேண்டுமானாலும் அதில் கேள்வி எழுதலாம். பதில் சொல்கிறவரும் வீட்டிலிருந்தபடியே சொல்லலாம். அந்த வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று தலைமை நூலகர் மேடம் சொன்னபோது, எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கையைத் தூக்கினாள்.

"அக்கா, உங்களுக்குக் கம்ப்யூட்டர் வருமா?"

"வராது மேடம். கத்துக்கறேன்."

மேடம் ஏற்பாட்டைச் சொன்னார். ஒரு மாதப் பயிற்சி. அதன் கடைசி வாரம் ஜன்னல் முழுக்க அவள் பொறுப்பு. வாசகர்களிடமிருந்து குறை ஒன்றும் வராவிட்டால், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மீதி நாளுக்கு ஒரு தாதியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். குறை வந்தால் பழையபடி அடுக்குகளுக்கே திரும்ப வேண்டியதுதான்.

பயிற்சி, திரையில். எங்கோ இருந்த ஒரு பெண் சொல்லிக் கொடுத்தாள். வெவ்வேறு நூலகங்களிலிருந்து வந்த முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ஒருத்தர் வீட்டுக் குக்கர் கத்தியது, இன்னொருத்தர் வீட்டில் நாய் குரைத்தது. ஏதோ ஒரு பொத்தானில் அன்றைக்கு அவளுக்கும் அதிகாரம் கொடுத்திருந்தார்கள் போல. சத்தம் தாங்காமல் அவள் எதையோ அமுக்க, மொத்த வகுப்பும் ஊமையாகிவிட்டது. சொல்லிக் கொடுக்கிற பெண் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். யாரோ வந்து சரி செய்த பிறகு அந்தப் பெண் சிரித்தாள்.

"யாரும்மா அது, எல்லாரையும் மியூட் பண்ணினது?"

பக்கத்தில் நின்ற, நூலகக் கவுண்டரில் புத்தகம் பதிந்து கொடுக்கிறவர் திரைக்குள் தலையை நீட்டிச் சொன்னார். "எங்க உஷ் அக்காங்க. நேர்ல வந்தாலும் இதான் நடக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் உதட்டை விரித்தாள்.

ஜன்னலில் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது தயார் பதில்கள்தான். அடிக்கடி சொல்ல வேண்டியவற்றை முன்பே எழுதி ஓரத்தில் வரிசையாக வைத்திருப்பார்கள். தொட்டால் போதும், பதில் போய்விடும். 'வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?' ஒன்று. 'இந்தப் புத்தகம் வெளியே போயிருக்கிறது, திரும்பி வந்ததும் தெரிவிக்கிறோம்' ஒன்று. 'உங்கள் கேள்வி புரியவில்லை, வேறு சொற்களில் கேட்கவும்' ஒன்று. அவளுக்கு அது புதிதாகவே தெரியவில்லை. "எப்படி இருக்கார்?" என்று யார் கேட்டாலும் "அப்படியேதான் இருக்கார்" என்பாள். "சாப்பிட்டியா?" என்றால் "ஆச்சு" என்பாள். வீட்டிலும் தெருவிலும் அவள் தொட்டுக்கொண்டிருந்தது தயார் பதிலைத்தானே.

சாயங்காலங்களில் வீட்டுப் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பழகுவாள். அவர் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். சும்மா இருக்க வேண்டாமே என்று சொல்லிக்கொண்டே செய்வாள்.

"இங்க பாருங்க. இங்க எழுதணும். இந்த அம்பைத் தட்டினாப் போயிடும். யார் எழுதினாலும் நேரா எனக்குத்தான் வரும்."

அவர் 'ஆ' என்பார். சின்னது. அவள் தண்ணீர் கொடுப்பாள்.

கடைசி வாரமும் வந்தது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள், சமையல் புத்தகம் தேடுகிறவர்கள், அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் என்று ஜன்னல் நிறைய ஆட்கள். எல்லாரையும் சமாளித்தாள். மேடம் எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே அக்கா, ஜமாய்க்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ஒரு புதுக் கேள்வி வந்தது. கேள்வி என்று சொல்ல முடியாது. ஒரே ஓர் எழுத்து.

'அ'

வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும், என்று தொட்டாள்.

'அ'

புத்தகத்தின் பெயரையோ எழுதியவரின் பெயரையோ குறிப்பிடவும், என்று தொட்டாள்.

'அ அ'

ஏதோ குழந்தை போனை வைத்து விளையாடுகிறது என்று நினைத்தாள். கேள்வி புரியவில்லை, வேறு சொற்களில் கேட்கவும். மறுபடி 'அ'. மறுபடியும் வேறு சொற்களில் கேட்கவும். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு ஜன்னலை மூடினாள். மூடும்போது எந்த வகைக் கேள்வி என்று குறிக்க வேண்டும். 'மற்றவை' என்று குறித்தாள்.

ஜன்னலை மூடினால் வாசகருக்கு ஐந்து நட்சத்திரங்கள் போகும். சேவை எப்படி என்று தொட்டுச் சொல்லலாம். அந்த ஆள் தொட்டது ஒன்று. ஒரு நட்சத்திரம் என்றால் குறை என்று கணக்கு. திரையில் சிவப்பாக விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. அடுத்து ஒருவர் எடுத்த புத்தகத்தைப் புதுப்பிக்கக் கேட்டார், புதுப்பித்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இடது கைப்பக்கம் விரிப்பில் போன் கிடந்தது. சார்ஜ் போடலாம் என்று எடுத்தாள். திரை எரிந்தது. 'நூலகரிடம் கேளுங்கள்' ஜன்னல். ஒரு பக்கம் 'அ', 'அ', 'அ அ', 'அ'. எதிர்ப்பக்கம் அவள் பதில்கள், ஒன்றன்கீழ் ஒன்று. அடியில் ஐந்து நட்சத்திரங்கள், முதலாவது மட்டும் மஞ்சள்.

"இதை யாரும்மா எடுத்தது?"

"அண்ணன்தான் கேட்டாரு. பாட்டுக் கேக்கத்தான்னு நினைச்சுக் குடுத்தேன்."

"எப்படிக் கேட்டார்?"

"எப்படிக் கேப்பாரு? ஆன்னுதான்."

அவள் போனைப் பார்த்தபடியே நின்றாள். எழுத்துப் பலகையில் முதல் எழுத்து 'அ'. நட்சத்திரத்தில் முதலாவது இடது ஓரத்தில் இருப்பது. எது முதலில் இருந்ததோ அதைத் தொட்டிருக்கிறார். தினமும் காதால் கேட்டால் தண்ணீரா, புரட்டணுமா என்று சட்டென்று தெரிகிற அந்த ஒற்றை எழுத்து, கண்ணுக்கு நேரே வந்து நின்றபோது அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

அதுவும் தயார் பதில்தான் என்று சொன்ன பிறகு தோன்றியது.

மறுநாள் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். திரையில் அந்தச் சிவப்பு.

"ஒரே ஒரு குறைதான் வந்திருக்கு. இதை மட்டும் யார்னு பாத்து, விளக்கம் எழுதி மேல அனுப்பிட்டா முடிஞ்சிடும். யாரு அக்கா இது?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. "எங்க வீட்டுக்காரர் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "என்னக்கா இது? உங்க வீட்டுலருந்தே கேள்வி வந்திருக்குன்னா, ஆளை வெச்சு எண்ணிக்கை காட்டினீங்கன்னு மேல சொல்வாங்க. ஏமாத்துன்னு எழுதிடுவாங்க. எனக்கே சங்கடமா இருக்கு."

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள். "ஏமாத்தணும்னா அஞ்சு நட்சத்திரம் போட்டிருப்பாரே மேடம்."

மேடத்துக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்தினார். பிறகு திரையில் இருந்த 'அ'க்களைத் திரும்பப் படித்தார். அவற்றுக்கு எதிரே இருந்த பதில்களையும் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அவருக்குப் பேச்சு வரலைன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா மேடம். அது மட்டும்தான் வரும்."

மேடம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "நடந்ததை நடந்தபடியே எழுதிக் குடுங்க. நான் கையெழுத்துப் போடறேன். ஒண்ணாந்தேதியிலருந்து வீட்டுல உக்காந்து பாருங்க."

"சரி மேடம்."

"சந்தோஷம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"சந்தோஷம் மேடம்."

நாத்தனார் பையைக் கட்டிக்கொண்டு, அண்ணன் நெற்றியைத் தடவி, அண்ணியிடம், "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க, ஆச்சு ஆச்சுன்னு என்னை ஏமாத்தின மாதிரி அவரை ஏமாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீடு அமைதியாக இருந்தது. கட்டிலுக்கு எதிரே மேசை. மேசையில் நூலகம் கொடுத்த கணினி. போனைத் தலையணைக்குச் சாய்த்து, இடது கைக்கு எட்டுகிறபடி அவளே வைத்திருந்தாள்.

யாரோ ஒருவர் பழைய வினாத்தாள் கேட்டார். தேடிக் கொடுத்தாள். இன்னொருவர் நூலகம் திறக்கிற நேரம் கேட்டார். தயார் பதிலைத் தொட்டாள். அப்புறம் ஒரு புது ஜன்னல் திறந்தது.

'அ'

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. விரல் பழக்கத்தில் ஓரத்துக்குப் போனது. வணக்கம், உங்களுக்கு என்ன உதவி. அங்கேயே நின்றது. வெகுநேரம் மடக்கியே வைத்திருந்த காலை நீட்டும்போது எறும்பு ஊர்கிற மாதிரி இருக்குமே, அப்படி எங்கோ இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. விரலை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள்.

'சொல்லுங்க'

கல்யாணமான நாளிலிருந்து அவர் கூப்பிட்டால் அவள் சொல்கிற பதில் அது. எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கட்டிலில் போன் டிங் என்றது. விரல் திரையில் உரசுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து வந்தது.

'அ அ அ'

தண்ணீரா, புரட்டணுமா, எழுத்தில் இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவும் இல்லை. தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். புதுப்பிக்கச் சொல்லி ஒருவர் காத்திருந்தார். அவருக்கு முடித்துக் கொடுத்து அந்த ஜன்னலை மூடினாள். இந்த ஜன்னலை மூடவில்லை. மூடினால் நட்சத்திரம் கேட்கும். திறந்தே கிடக்கட்டும் என்று ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த கேள்வியைப் பார்த்தாள்.